பாப் ராஸின் 30 ஓவியங்கள்: ஏலத்தில் விழுந்த காசு எந்தப் பக்கம் போகிறது?

2025 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம், தொலைக்காட்சியில் ஓவியம் கற்றுத்தந்த அமெரிக்க ஓவியர் பாப் ராஸின் 30 ஓவியங்களில் முதல் மூன்றை விற்றது. ‘வின்டர்ஸ் பீஸ்’ 3,18,000 டாலர். ‘ஹோம் இன் த வேலி’ 2,29,100. ‘கிளிஃப்சைடு’ 1,14,800. கூட்டினால் 6,61,900 டாலர். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்கு நிதி திரட்டத்தான் இந்த ஏலம் என்பதால், அவ்வளவு பணமும் அப்படியே நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் செய்தியைப் படித்த பலரும் நினைத்திருப்பார்கள். ஏலக் கணக்கு அப்படி வேலை செய்வதில்லை.

பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்துச் சுத்தியலைத் தட்டும்போது நிற்கும் தொகை ஒன்று. அதற்கு மேல், வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் செய்திக்குக் கொடுப்பார்கள், பார்க்கப் பெரிதாக இருக்கும். இந்த விற்பனைகளில் கட்டணம் முதல் 50,000 டாலருக்கு 28 சதவீதம், அதற்கு மேல் போவதற்கு 27 சதவீதம் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு டாலர் கூடப் பிசகாமல் உட்காரும். ‘வின்டர்ஸ் பீஸ்’ சுத்தியல் விலை 2,50,000. அதில் முதல் 50,000-க்கு 14,000, மீதி 2,00,000-க்கு 54,000, ஆக 68,000 கட்டணம். சேர்த்தால் 3,18,000. இதே வழியில் ‘ஹோம் இன் த வேலி’ 1,80,000-க்கும், ‘கிளிஃப்சைடு’ 90,000-க்கும் முடிந்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்து சுத்தியல் விலை 5,20,000. செய்தியில் வந்த எண்ணுக்கும் இதற்கும் நடுவே 1,41,900 டாலர் இருக்கிறது.

வழக்கமான நடைமுறையில் இந்த 1,41,900 ஏல நிறுவனத்துக்கு உரியது. விற்பவர் தரப்பிலும் ஒரு கமிஷன், காப்பீடு, படம் எடுக்கும் செலவு, லாரி வாடகை எல்லாம் பிடித்தம் ஆகும். நல்ல காரியத்துக்கான விற்பனை என்றால் நிறுவனம் தன் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், பத்திரிகைக் குறிப்பில் இருக்காது. ஓவியங்களைக் கொடுத்த பாப் ராஸ் நிறுவனம் அறிவித்தபோது சொன்னது ‘நிகர விற்பனைத் தொகை முழுவதும்’ என்றுதான். ‘நிகர’ என்ற மூன்றெழுத்தைத் தாண்டிப் போய் ‘முழுவதும்’ என்பதில் நின்றுவிடக் கூடாது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, தொழிலே அப்படி. ஆனால் இதே மாதிரி ஒரு ஏலத்தை நடத்த நினைக்கும் எந்த அமைப்பும் பட்ஜெட் போடும்போது செய்தி விலையை வைத்துப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் துண்டு விழும்.

இந்த ஏலம் ஏன் வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பொது ஒளிபரப்புக்கு மத்திய அரசு தந்த பணம் 1967-ல் ஒரு சட்டத்தின் கீழ் உருவான பொது ஒளிபரப்புக் கழகம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கழகம் தானாக நிகழ்ச்சி தயாரிக்கவோ ஒளிபரப்பவோ இல்லை. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை 1,500-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் தொலைக்காட்சி, வானொலி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. தன் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கியிருந்த இரண்டு ஆண்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றது. சுமார் 110 கோடி டாலர், ஆண்டுக்கு 53 கோடிக்கு மேல். ஆகஸ்ட் மாதமே கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் அதன் இயக்குநர் குழு கழகத்தைக் கலைத்துவிடுவது என்று முடிவெடுத்தது.

பெருநகர நிலையங்களுக்கு இது அடி, அவ்வளவுதான். உறுப்பினர் சந்தா, விளம்பரதாரர் நிதி என்று வேறு வரவுகள் அவற்றுக்கு உண்டு. அலாஸ்காவிலும் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டுப் பகுதிகளிலும் உள்ள சின்ன நிலையங்கள் சிலவற்றுக்கு மொத்த வரவில் பாதிக்கு மேல் இந்தப் பணமாகத்தான் இருந்தது.

இப்போது 30 ஓவியங்களைப் பார்ப்போம். 2025 அக்டோபரில் அறிவித்தபோது 30-க்கும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு 8,50,000 முதல் 14,00,000 டாலர் வரை. ஒரு ஓவியத்துக்குச் சராசரி 28,000 முதல் 47,000 டாலர். முதல் மூன்றின் சுத்தியல் விலையே அந்த மதிப்பீட்டின் கீழ் வரம்பில் 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்துவிட்டது. 2026 ஜனவரி இறுதியில் மாசசூசெட்ஸில் நடந்த அடுத்த ஏலத்தில் ‘சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ என்ற 1990-ஆம் ஆண்டு ஓவியம் மட்டும் 7,87,900 டாலர். அதன் சுத்தியல் விலை 6,20,000. அப்படியிருந்தும், ஆண்டுக்கு 53 கோடி போன இடத்தில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பணத்தை எல்லாப் பள்ளத்திலும் கொட்டாமல் ஒரே ஒரு செலவுத் தலைப்பில் கட்டிப்போட்டார்கள். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்தது அந்த ஏற்பாடுதான்.

அந்தத் தலைப்பு நிகழ்ச்சி உரிமக் கட்டணம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தன் நேரத்தை இரண்டு மூன்று வழிகளில் நிரப்புகிறது. பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி அமைப்புக்கு உறுப்பினர் கட்டணம் கட்டினால் அதன் தேசிய நிகழ்ச்சிகள் கிடைக்கும். சொந்தமாக உள்ளூர் நிகழ்ச்சி தயாரிக்கலாம். மீதி நேரத்துக்கு அமெரிக்கன் பப்ளிக் டெலிவிஷன் போன்ற விநியோக அமைப்புகளிடமிருந்து நிகழ்ச்சிகளை உரிமம் பெற்று வாங்க வேண்டும். பாஸ்டனில் இருக்கும் இந்த அமைப்பின் வேர் 1961-ல் தொடங்கிய கிழக்குப் பகுதிக் கல்வித் தொலைக்காட்சி வலையமைப்பு. சமையல், வீடு பழுதுபார்த்தல், பயணம் என்று சனிக்கிழமை மதியங்களில் ஓடும் நிகழ்ச்சிகளில் பல இதன் வழியாகத்தான் வருகின்றன. ஒரு தொடரை இத்தனை ஆண்டுக்குள் இத்தனை முறை ஒளிபரப்பலாம் என்று உரிமம் தருவார்கள். கட்டணம் நிலையத்தின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். பாப் ராஸ் நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பும் இதே பட்டியலில் ஒரு சரக்கு.

பணம் கையில் இல்லாத நிலையம் முதலில் வெட்டுவது இந்த உரிமங்களைத்தான். ஆளை வீட்டுக்கு அனுப்புவதைவிட ஒரு தொடரைக் கைவிடுவது சுலபம், வெளியே சத்தமும் வராது. ஆனால் சந்தா கட்டும் பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்ப்பது அந்தத் தொடர்களைத்தான். அவை போனால் அடுத்த ஆண்டு சந்தாவும் சரியும். ஏலப் பணத்தைச் சம்பளத்துக்குக் கொடுத்தால் அது ஓராண்டில் கரையும், அடுத்த ஆண்டு அதே பள்ளம் மறுபடி வாய் திறக்கும். உரிமக் கட்டணத்தில் போட்டால் ஒரு முறை கட்டிய பணத்துக்கு உரிமக் காலம் முழுக்க ஒளிபரப்பலாம். இன்னொரு வசதியும் உண்டு. கட்டணப் பட்டியல் அனுப்பும் அமைப்பிடமே பணம் இருந்தால், 300-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குத் தனித்தனியாக மனு வாங்கி, பரிசீலித்து, காசோலை அனுப்பும் வேலை இல்லை. பட்டியலில் கழித்துக்கொண்டால் தீர்ந்தது.

சரி, ஒரு ராஸ் ஓவியத்துக்கு ஏன் இந்த விலை? கலை விமர்சகர்கள் அவரை ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மலை, ஏரி, ஊசியிலை மரம், சில சமயம் ஒரு மரவீடு, இதற்குள்ளேயே சுற்றினவர். விலையைக் கொடுத்தது தொலைக்காட்சிதான். அமெரிக்க விமானப்படையில் 20 ஆண்டு, அதில் பல ஆண்டுகள் அலாஸ்காவில் வேலை பார்த்த ராஸ், பில் அலெக்ஸாண்டர் என்ற ஜெர்மானிய ஓவியரிடம் ஈரத்தின் மேல் ஈரம் பூசும் முறையைக் கற்றார். 1983 ஜனவரி 11-ல் ‘தி ஜாய் ஆஃப் பெயிண்டிங்’ தொடங்கியது. 1994 மே 17 வரை 31 பருவம், 403 பகுதிகள். முதல் பருவம் வர்ஜீனியாவில் எடுத்தது, பிறகு பெரும்பாலும் இந்தியானா மாநிலம் மன்சி நகர நிலையத்தில். நிகழ்ச்சிக்காக அவர் சம்பளம் வாங்கவில்லை. தூரிகை, வண்ணம், புத்தகம், வகுப்பு இவற்றில்தான் வருமானம். 1995 ஜூலை 4-ல் 52 வயதில் இறந்தார்.

சந்தைக்கு முக்கியமான விவரம் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் அவர் ஒரே காட்சியை மூன்று முறை வரைந்தார். முதலாவது, நிகழ்ச்சிக்கு முன்பே வரைந்து, கேமராக் கண்ணில் படாத இடத்தில் பார்த்து வரைவதற்காக நிறுத்தி வைத்தது. இரண்டாவது, கேமரா ஓடும்போது அரை மணிக்கும் குறைவான நேரத்தில் வரைந்தது. மூன்றாவது, பயிற்சிப் புத்தகத்துக்காகப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டே நிதானமாக வரைந்தது. கைத்திறன் என்று பார்த்தால் மூன்றாவதில்தான் அதிகம், விளிம்புகள் சுத்தமாக இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர்கள் கேட்பது இரண்டாவதை. ‘இதை அவர் வரைவதை நான் பார்த்தேன்’ என்று சொல்ல முடிவதுதான் அதில் விற்பனையாகிற பொருள்.

இரண்டாவதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளிபரப்பே சான்று. ராஸின் கேன்வாஸ் பெரும்பாலும் 18-க்கு 24 அங்குலம். முதலில் ‘லிக்விட் ஒயிட்’ என்ற மெல்லிய வெள்ளை எண்ணெய்ப் பூச்சை இரண்டங்குலத் தூரிகையால் முழுக்கத் தேய்ப்பார். வானம் அந்த ஈரத்தின் மேலேயே கலந்துவிடும். மலைக்கு வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து, தட்டுக்கத்தியால் கேன்வாஸ் நெசவுக்குள் அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலே பனிக்கு டைட்டானியம் வெள்ளையைக் கத்தி விளிம்பில் சின்ன உருளையாக எடுத்து, அழுத்தமே கொடுக்காமல் சரித்து இழுப்பார். அழுத்தம் இல்லாததால் வெள்ளை எல்லா இடத்திலும் ஒட்டாது. நெசவின் மேடுகளில் மட்டும் பிடித்து, இடையிடையே உடையும். அந்த உடைசல்தான் பாறை மாதிரித் தெரிவதற்குக் காரணம்.

இந்த உடைசல் ஒவ்வொரு இழுப்பிலும் வேறு விதம். அவரே நினைத்தாலும் அதே மாதிரி மறுபடி வராது. ஆகவே ஒளிபரப்பின் கடைசிக் காட்சியை நிறுத்தி வைத்து, மலையின் வெயில்படும் பக்கத்தில் வெள்ளை எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று ஓவியத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கைந்து அறுப்புகள் சரியாகப் பொருந்தினால் அது திரையில் வந்த பிரதி. நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் கால வீடியோ நீலத்தையும் கரும்பச்சையையும் ஒன்றாக்கிவிடும், ஸ்டூடியோ விளக்கு சிவப்பை ஏற்றிவிடும். மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்தும் முடிவுக்கு வரக்கூடாது, மூன்று பிரதிகளிலும் மரம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும்.

கையெழுத்து ‘ராஸ்’ என்று மட்டும், பெரும்பாலும் இடது கீழ் மூலையில் சிவப்பில் இருக்கும். போலிகளும் அப்படியே இருக்கும் என்பதால் அது தனியே ஒன்றையும் நிரூபிக்காது. போலி என்பதைவிடப் பெரிய தொல்லை நல்லெண்ணப் பிரதிகள்தான். ராஸ் முறையைக் கற்றுத்தரச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்கள் ஏராளம், அவர்களிடம் படித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. எல்லாரும் அதே வண்ணம், அதே தூரிகை, அதே பாடத்தை வைத்து வரைந்தவர்கள். பரணிலிருந்து கிடைத்த ‘பாப் ராஸ்’ பலவும் இந்த வகைதான். வர்ஜீனியாவில் இருக்கும் பாப் ராஸ் நிறுவனம் பார்த்துச் சான்று கொடுக்காமல் பெரிய ஏலக்கூடம் எதுவும் சுலபத்தில் தொடாது. இந்த 30 ஓவியங்களும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கையிருப்பிலிருந்தே வருவதால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. விலை ஏறினதில் இதற்கும் பங்கு உண்டு.

கையிருப்பு என்றால் சின்னதல்ல. 2019-ல் நியூயார்க் டைம்ஸ் போய்ப் பார்த்தபோது அங்கே 1,165 ஓவியங்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. அவற்றில் சிலவற்றை அதே காலத்தில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. சந்தையில் ராஸ் ஓவியம் அரிது என்பது, வைத்திருப்பவர் விற்காததால் வந்த அரிது. வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். 30-ஐயும் ஒரே நாளில் மேடையேற்றியிருந்தால் பத்தாவதற்கு மேல் கை தூக்க ஆள் இருந்திருக்காது, மிச்சமும் எப்போது வெளியே வருமோ என்ற பயம் வேறு வந்திருக்கும். அதனால்தான் முதலில் மூன்று, அடுத்த மேடையில் இன்னும் சில, வேறு வேறு நகரங்களில், இணையத்திலும் என்று பிரித்துவிட்டார்கள். முதல் மூன்றுக்கு முன்பே, 2025 ஆகஸ்டில் பான்ஹாம்ஸில் இரண்டு மலை, ஏரி ஓவியங்கள் 1,14,800-க்கும் 95,750-க்கும் போயிருந்தன. அது ஒருவகையில் ஆழம் பார்த்த மாதிரி ஆயிற்று.

மதிப்பீட்டைத் தாழ்வாகப் போட்டதும் தெரிந்தே செய்ததுதான் என்பது என் கணிப்பு. ஆகஸ்டில் ஒரு லட்சத்தைத் தொட்ட ஓவியருக்கு அக்டோபரில் சராசரி 28,000 என்று எழுதுவதற்கு வேறு காரணம் சொல்ல முடியவில்லை. தாழ்ந்த மதிப்பீடு நிறையப் பேரைக் கூடத்துக்குள் இழுக்கும். இரண்டு பேர் பிடிவாதமாக நின்றால் போதும், விலை தானாக ஏறும். விற்காமல் திரும்புவதுதான் இதில் பெரிய ஆபத்து. குறைந்தபட்ச விலையை உயர்த்தி வைத்து, கேட்பாரில்லாமல் திரும்பிய ஓவியம் சந்தையில் ‘சூடுபட்டது’ ஆகிவிடும். அடுத்த சில ஆண்டுகளுக்கு அதைத் தொட ஆள் வராது. நல்ல காரியத்துக்கு விற்கிறோம், மக்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று நம்பி வரம்பை ஏற்றும் அமைப்புகள் வழுக்கி விழும் இடம் இது.

இந்தக் கதையில் கசப்பான ஒரு பக்கமும் இருக்கிறது. பொதுத் தொலைக்காட்சிக்கு ஏலம் புதிதே அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் கேகியூஇடி நிலையம் 1955-லேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையிலேயே ஏலம் நடத்தியது. அதன்பின் பல நிலையங்களுக்கு அது ஆண்டுத் திருவிழா ஆனது. உள்ளூர்க் கடைகளிலிருந்து பொருள்கள் இலவசமாக வரும், பார்வையாளர்கள் தொலைபேசியில் கேட்கும் விலைகளைத் தன்னார்வலர்கள் பலகையில் எழுதுவார்கள், நேரம் முடிந்ததும் உயர்ந்த விலைக்கு விற்பனை. ராஸ் இந்த வகை விழாக்களுக்குத் தன் ஓவியங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போது அவை மிகச் சின்னத் தொகைக்குப் போயின. முதல் பகுதியில் வரைந்த ‘எ வாக் இன் த வுட்ஸ்’ அப்படி ஒரு நிலைய நிதி திரட்டலில் விற்றுப்போனதுதான். 2023-ல் மினியாபொலிஸ் காட்சிக்கூடம் ஒன்று அதற்குக் கேட்ட விலை 98,50,000 டாலர். அந்தக் கேட்பு விலை அர்த்தமுள்ளதா என்பது வேறு விஷயம். மறுவிற்பனையில் எவ்வளவு ஏறினாலும் முதலில் விற்ற நிலையத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்காவில் மறுவிற்பனைப் பங்குச் சட்டம் இல்லை. சில நாடுகளில் ஓவியருக்கும் வாரிசுக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு, அங்கேயும் இடையில் விற்ற நிலையத்துக்கு இல்லை.

இன்றைக்கும் நிலைய வரவேற்பறைகளில் ராஸ் ஓவியம் தொங்கவிட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய நடைமுறைக் குறிப்புகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற ஓவியர்களின் படைப்பை வைத்திருக்கும் அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

முதலில், ஓவியம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். நன்கொடைக் கடிதம் இருக்கிறதா, அதில் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, நிலையம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் சொத்து யார் பெயரில் இருக்கிறது? மன்சி நிலையமே ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதுதான். இதை ஏலத் தேதிக்கு முந்தைய வாரம் தேடினால் விற்பனை நின்றுபோகும்.

அடுத்து, திரையில் ஏலம் விடாதீர்கள். உள்ளூர்ப் பார்வையாளர் கூட்டம் 500 டாலர் உணவக அட்டையை அடித்துப்பிடித்து வாங்கும், லட்சம் டாலர் ஓவியத்துக்கு அங்கே இரண்டாவது ஆள் இருக்கமாட்டார். இதற்கு விதிவிலக்கு, கூட்டத்தையே ஒருவர் கூட்டிவரும்போது. 2025 நவம்பரில் நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் ஆலிவர் தன் நிகழ்ச்சியில் சேர்ந்த பொருள்களைப் பொது ஊடகங்களுக்கான இடைக்கால நிதிக்காக ஏலம் விட்டார். அதில் ராஸின் 1986 ஓவியம் ‘கேபின் அட் சன்செட்’ 10,44,000 டாலருக்குப் போனது. ஏலம் முழுவதும் சேர்த்து வந்ததே 15 லட்சம் சொச்சம். அதே ஓவியத்தை அதே வாரம் ஒரு சிற்றூர் நிலையம் விற்றிருந்தால் இந்த எண் வந்திருக்காது.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியவை: விற்பனைக் கமிஷன் பூஜ்யமாகுமா, வாங்குபவர் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்களா, விற்காமல் போனால் யார் செலவு, ஓவியத்தை இடையில் திரும்ப எடுத்துக்கொண்டால் அபராதம் எவ்வளவு. விலை போகும் சரக்கு உங்கள் கையில் இருந்தால் முதல் இரண்டையும் கேட்டு வாங்கலாம், கேட்காதவருக்குத் தானாகத் தரமாட்டார்கள். பணம் கைக்கு வரப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் வாங்கியவர் கட்டினால்தான். சுத்தியல் விழுந்த மறுநாளே உரிமக் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கியவர் பின்வாங்கினால் நிலையம்தான் மாட்டும்.

வரியில் ஒரு சூட்சுமம். அமெரிக்கச் சட்டப்படி ஓவியர் தன் ஓவியத்தைத் தானே நன்கொடையாகக் கொடுத்தால் கழித்துக்கொள்ள முடிவது வண்ணம், கேன்வாஸ் செலவை மட்டும். இது 1969-லிருந்து. உயிரோடிருக்கும் ஓவியர்கள் தர்ம ஏலங்களுக்குச் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. சேகரிப்பாளர் கொடுத்தாலும், பெற்ற அமைப்பு அதை மாட்டி வைக்காமல் விற்கப்போகிறது என்றால், சந்தை மதிப்புக்குப் பதில் அவர் வாங்கிய விலையளவுக்குத்தான் கழிவு. 500 டாலருக்கு வாங்கியது இன்று லட்சம் போனாலும் கழிவு 500-தான். ஆகவே பழைய ராஸ் வைத்திருப்பவரிடம் ஓவியத்தைக் கொடுங்கள் என்று கேட்கும் முன் அவருடைய கணக்காளரிடம் பேசச் சொல்லுங்கள். வாங்குபவருக்கும் இதே கண்டிப்பு: நியாயமான சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த பகுதிதான் நன்கொடை. பல பேர் போட்டியிட்டு ஏறிய விலையே சந்தை மதிப்பு என்று வரித்துறை சொன்னால் கழிக்க ஒன்றும் மிஞ்சாது.

கட்டி அனுப்புவதில் கெடுக்கிறவர்கள் நிறைய. ராஸ் ஓவியத்தில் கத்தியால் இழுத்த பனியும், தூரிகை முனையால் தட்டிய இலைகளும் மேடாக நிற்கும். குமிழி உறையை நேராக மேலே சுற்றினால் வெயிலில் நிற்கும் லாரிக்குள் அந்த மேடுகளில் வட்ட வட்டமாகத் தடம் பதியும், பிரித்தால் நுனி பிய்ந்து வரும். சட்டத்தோடு இருந்தால் முகத்தில் எதுவும் படாதபடி மேலே கெட்டி அட்டை வைத்து, ஓரத்தில் மட்டும் தாங்கல் கொடுக்க வேண்டும். சட்டம் இல்லையென்றால் நான்கு மூலையிலும் நுரைக்கட்டை வைத்து முகத்தைத் தூக்கி நிறுத்தி, பிறகு பெட்டி. படுக்கவைக்காமல் நிறுத்தி ஏற்றுங்கள். காப்பீடு சுவரிலிருந்து கழற்றும் நிமிடத்தில் தொடங்கி, வாங்கியவர் கையில் சேரும் வரை ஓட வேண்டும். ஏலக்கூடத்தின் காப்பீடு அவர்கள் வாசலில்தான் தொடங்குகிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். துடைக்க வேண்டாம். முப்பது ஆண்டுத் தூசியோடு போகட்டும், ஈரத்துணி பட்ட ஓவியத்தை நிபுணர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையை இறக்குவார்.

கடைசியாக, விற்பது கேன்வாஸும் வண்ணமும் மட்டும். காப்புரிமை ஓவியத்தோடு போகாது. மூன்று லட்சம் கொடுத்து வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், கடன் கொடுக்கலாம், மறுபடி விற்கலாம். அதை அச்சடித்துத் தேநீர்க் கோப்பையிலோ போஸ்டரிலோ போட்டு விற்க உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். ஓவியம் கைமாறினாலும் அந்த உரிமை கைமாறுவதில்லை என்பதை ஏலப் பட்டியலில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.